மூலிகை ஆராய்ச்சிச் செய்தியைப் படிக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

வடசென்னையில் நித்திய கல்யாணியை யாரும் மெனக்கெட்டு வளர்ப்பதில்லை. கொடுங்கையூரில் கால்வாய் ஓரம், காசிமேட்டில் சுவர் விரிசல், ரயில்வே காம்பவுண்டு என்று எங்கே இடம் கிடைத்தாலும் முளைத்துப் பூத்துவிடும். காலையில் வாக்கிங் போகிறவர்களில் சிலர் நாலைந்து பூவைப் பறித்து மென்றுகொண்டே நடப்பார்கள். கேட்டால், "சக்கரைக்கு நல்லதுப்பா. இதுலேர்ந்துதான் கேன்சர் மருந்தே எடுக்குறாங்கோ" என்று பதில் வரும்.

கேன்சர் மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த மருந்து எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தால் பூவை மெல்லத் தோன்றாது.

1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் இந்தச் செடியின் இலையைச் சர்க்கரை நோய்க்காகத்தான் சோதித்தார்கள். ஜமைக்காவில் சர்க்கரைக்கு இந்த இலையில் டீ போட்டுக் குடிக்கும் பழக்கம் உண்டு. அங்கிருந்துதான் இலை வந்தது. எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை அசையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். எலிகள் கிருமித் தொற்று வந்து செத்தன. காரணத்தைத் தேடியபோது அவற்றின் வெள்ளணுக்கள் படுபாதாளத்துக்குப் போயிருந்தது தெரிந்தது. வெள்ளணுக்களை இப்படி அழிக்கும் பொருள், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்று யோசித்தார்கள். அப்படிப் பிறந்தது வின்பிளாஸ்டின். அதே செடியிலிருந்து பின்னால் வந்த வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963இல் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதைத்தான் கொடுக்கிறார்கள்: உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு, மில்லிகிராம் சுத்தமாக அளந்து, ரத்தக் குழாயில் மட்டும், கை கால் நரம்புகள் பாதிக்கப்படுகின்றனவா என்று கவனித்தபடி. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும்.

ஆக, செடியில் ஒரு மருந்து இருக்கிறது என்பதும், செடியைத் தின்றால் அந்த மருந்து நமக்குக் கிடைக்கிறது என்பதும் ஒன்றல்ல. மூலிகை பற்றிய வாட்ஸ்அப் செய்திகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்திலேயே சறுக்கிவிடுகின்றன என்பது என் கணிப்பு.

தட்டில் செத்தால் உடம்பில் சாகுமா?

அடுத்தது "மஞ்சள் புற்றுச் செல்களைக் கொல்கிறது, விஞ்ஞானிகள் நிரூபணம்" வகை. ஆய்வகத் தட்டில் வளர்க்கும் புற்றுச் செல்லைக் கொல்வது பெரிய சாதனை இல்லை. அளவு கூடினால் உப்பும் கொல்லும், வினிகரும் கொல்லும். எந்த அளவில் கொன்றது, அந்த அளவு மனித ரத்தத்தில் சேருமா என்றுதான் பார்க்க வேண்டும்.

மஞ்சளில் ஆராய்ச்சியாளர்கள் துரத்துவது குர்குமின் என்ற பொருளை. மஞ்சள் தூளில் அது தோராயமாக 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம் குர்குமின் இருக்கும். 2001இல் வெளியான தைவான் ஆய்வு ஒன்றில் நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் வரை கொடுத்தார்கள். மஞ்சள் தூளாகச் சாப்பிட வேண்டுமென்றால் தினமும் கால் கிலோவுக்கு மேல். அவ்வளவு கொடுத்தும் ரத்தத்தில் உச்சபட்சமாகச் சேர்ந்தது சராசரியாக 2 மைக்ரோமோலாருக்கும் (ஒரு திரவத்தில் ஒரு பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதை அளக்கும் அலகு) குறைவு. தட்டில் செல்களைக் கொல்லப் பல ஆய்வுகளில் பயன்படுத்துவது 10, 20, சில சமயம் 50 மைக்ரோமோலார். குடல் குர்குமினை உள்ளே விடுவதில்லை. விட்ட கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது.

குர்குமினில் இன்னொரு வம்பும் உண்டு. அது நிறமுள்ள, ஒளிரும், கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும் பொருள். ஆய்வகச் சோதனைகள் பல நிறமாற்றத்தையோ ஒளியையோ வைத்துத்தான் "வேலை செய்கிறது" என்று சொல்கின்றன. ஆகவே ஒன்றும் செய்யாமலேயே செய்ததுபோல் காட்ட குர்குமினால் முடியும். 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் இதை அலசி, அதுவரை நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளில் மருந்துப்போலியோடு (பார்க்க மருந்துபோலவே இருக்கும், ஆனால் மருந்தே இல்லாத பொருள்) ஒப்பிட்டு முறையாக நடத்தப்பட்ட ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள்.

"மிளகு சேர்த்தால் 2000 சதவீதம் கூடுதலாகச் சேருமே?" என்று கேட்கலாம். அந்த எண் 1998இல் பெங்களூருவில் நடந்த ஆய்விலிருந்து வந்தது: 2 கிராம் குர்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம். எண் சரிதான். ஆனால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததை இருபது மடங்காக்கினாலும் கொஞ்சம்தான் கிடைக்கும். எந்த விளம்பரத்திலும் சதவீதத்தைப் பார்த்தால், எதிலிருந்து சதவீதம் என்று தேடுங்கள். ரசத்தில் மிளகும் மஞ்சளும் போடுவதை இதற்காக நிறுத்த வேண்டாம், அது ருசிக்கு.

நம் ஊர் ஆய்வு, நல்ல பத்திரிகை, ஆனாலும்

கீழாநெல்லியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. முறையாக நடந்த ஆராய்ச்சியையே நாம் எப்படித் தப்பாகப் புரிந்துகொள்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 'தி லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் அதில் இணை ஆசிரியர். வைரஸை உடலில் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் சோதித்தபோது 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் காணாமல் போயிருந்தது. மருந்துப்போலி எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்தது. 59 சதவீதம், 4 சதவீதம். உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் கட்டுரையே தன்னை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொல்லிக்கொண்டது. அந்தச் சொல்லைத்தான் யாரும் படிக்கவில்லை.

பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். 1990இல் தாய்லாந்தில் பலன் இல்லை. 1994இல் நியூசிலாந்தில் பலன் இல்லை. 2011இல் எல்லா ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் மருந்துப்போலியை விடக் கீழாநெல்லி மேல் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. சிறிய ஆய்வுகளில் பெரிய பலன் தெரிவதும், திரும்பச் செய்யும்போது அது கரைவதும் ஆங்கில மருந்துகளிலும் அடிக்கடி நடப்பதுதான். ஆனால் ராசப்ப செட்டி தெரு மூலிகைக் கடைகளுக்கு 1988 மட்டுமே வந்து சேர்ந்தது. 1990 வரவே இல்லை. எந்த ஆய்வைக் காட்டினாலும், இதை வேறு ஊரில் வேறு ஆட்கள் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இரண்டாவது குழப்பம் இதைவிட ஆபத்தானது. அந்த ஆய்வு ஹெபடைடிஸ் பி வைரஸை நாள்பட்டுச் சுமப்பவர்களைப் பற்றியது. நம் பக்கத்தில் குடிநீரில் சாக்கடை கலந்து வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது இ. இவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். அந்தச் சில வாரமும் கீழாநெல்லி அரைத்து மோரில் குடித்தால், குணமானதற்குப் பெயர் கீழாநெல்லிக்குப் போகிறது. அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் மஞ்சள் காமாலை என்பது ஒரு அறிகுறி. பித்தக்கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், எலிக்காய்ச்சலிலும் ஆகும், கணையப் புற்றுநோயிலும் ஆகும். ஹெபடைடிஸ் இ கர்ப்பிணிக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. "மூணு நாள் கீழாநெல்லி குடிச்சிட்டுப் பாப்போம்" என்று அங்கே காத்திருக்க முடியாது. முதலில் ரத்தப் பரிசோதனை செய்து எந்தக் காமாலை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி, சி என்றால் 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் மருந்து இலவசம்.

எதை அளந்தார்கள்?

மழை முடிந்து டெங்கு வந்தால் தண்டையார்பேட்டை முழுக்கப் பப்பாளி மரங்கள் மொட்டையாகிவிடும். பப்பாளி இலைச் சாறு பிளேட்லெட்டை (ரத்தம் உறைய உதவும் அணுக்களை) கூட்டுகிறது என்பதற்கு ஆய்வுகள் இருக்கத்தான் செய்கின்றன. 2013இல் மலேசியாவில் 228 பேரிடம் நடந்ததைத்தான் பலரும் காட்டுவார்கள். அதில் மருந்துப்போலி கொடுக்கவில்லை. யார் சாறு குடிக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விடுவோம். டெங்குவில் பிளேட்லெட் சில நாள் இறங்கி, பிறகு தானாகவே ஏறும். இறங்கும் நாளில் சாறு கொடுக்க ஆரம்பித்தால் ஏறுவதற்குச் சாறுதான் காரணம் என்று தோன்றும். தவிர, டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவது. அது காய்ச்சல் விடும் சமயத்தில்தான் வரும். பிளேட்லெட் எண்ணிக்கை ஏறியதால் ஒரு உயிராவது பிழைத்ததா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஒரு நம்பர் மாறியதா, நோயாளியின் நிலை மாறியதா என்று பிரித்துப் பாருங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, உடம்பு சில்லிடுவது என்று இருந்தால் எந்தச் சாற்றையும் நம்பி வீட்டில் உட்காரக் கூடாது.

நிலவேம்பில் இன்னொரு பாடம். 2021இல் கொரோனாவுக்கு நிலவேம்புச் சத்தைத் தாய்லாந்தில் சோதித்தார்கள். மருந்து எடுத்த 29 பேரில் ஒருவருக்கும் நிமோனியா வரவில்லை, எடுக்காத 28 பேரில் 3 பேருக்கு வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. நிலவேம்பு ஒன்றுமே செய்யாவிட்டாலும் தற்செயலாக இப்படி நேர வாய்ப்பு 100க்கு 4தான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். சரியாகப் போட்டால் அது 100க்கு 11. தவறு தெரிந்ததும் எழுதியவர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். மூன்றே பேரின் மேல் நிற்கும் முடிவு அவ்வளவுதான் தாங்கும். மற்ற வல்லுநர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் ஏற்றப்படும் இத்தகைய வரைவுகள் செய்தியாகும் வேகத்தில், திரும்பப் பெறப்படுவது செய்தியாவதில்லை.

"இயற்கைதானே, என்ன ஆகிவிடும்?"

கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்கள் குடித்தது சீந்தில்தான் என்று எப்படித் தெரியும், அதே குடும்பத்து வேறு கொடியாகவும் இருக்கலாமே என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை மருத்துவர்களிடம் கேட்பதுபோலக் கடையிலும் கேட்க வேண்டும்: பாக்கெட்டில் இருப்பது அதே செடிதானா? கீழாநெல்லிக்கும் மேலாநெல்லிக்கும் பச்சையாக இருக்கும்போதே பலருக்கு வித்தியாசம் தெரியாது. பொடியான பிறகு யாருக்குத் தெரியும்?

நம் பகுதியில் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. "மாத்திரை சூடு, கல்லீரலுக்கு இதைக் குடி" என்று கூடவே ஏதாவது லேகியம் கொடுப்பவர்கள் உண்டு. மிளகின் பைப்பரின் சில மருந்துகள் உடலிலிருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். ரிஃபாம்பிசினுடன் பைப்பரினைச் சேர்த்து மருந்தின் அளவைக் குறைத்த கூட்டு மாத்திரையே இந்தியாவில் உருவாக்கப்பட்டது. அங்கே அளவு தெரிந்து சேர்த்தார்கள். நீங்கள் வாங்கும் "பயோ" குர்குமின் கேப்சூலில் எவ்வளவு பைப்பரின் இருக்கிறது, அது உங்கள் வலிப்பு மாத்திரையின் அளவையோ காசநோய் மாத்திரையின் அளவையோ ரத்தத்தில் எவ்வளவு ஏற்றும் என்று யாரும் அளக்கவில்லை.

ஒரு மூலிகை "மருத்துவ ஆய்வில் நிரூபணம்" என்று அட்டையில் போட்டிருந்தால், அந்த ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டில் முன்கூட்டியே பதிவது 2009 ஜூனிலிருந்து கட்டாயம். எத்தனை பேர், எந்த நோய், எதை அளக்கப்போகிறோம் என்று சோதனைக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எண்ணைச் சொல்லத் தெரியாத கம்பெனி சொல்லும் ஆய்வை நான் ஆய்வாகக் கணக்கில் எடுப்பதில்லை.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் சீட்டு எழுதும்போது "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க" என்று கேட்டால், லேகியம், பொடி, கஷாயம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். முடிந்தால் பாக்கெட்டையே எடுத்துப் போங்கள். திட்டுவார்கள் என்று மறைத்தால், ரத்தப் பரிசோதனையில் ஏறியிருக்கும் கல்லீரல் என்சைம் அளவுக்குக் காரணம் தெரியாமல் காசநோய் மாத்திரையைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.