பலாலியிலிருந்து சென்னை போய் இறங்கினால்: மெட்ரோவும் மின்ரயிலும்

இறங்கியவுடன் இந்திய ரூபாய் கொஞ்சம் சில்லறையாகவே கையில் வைத்திருங்கள். எங்கள் இலங்கை வங்கிச் செயலிகளால் அங்கே கியூஆரில் காசு கட்டலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

விமான நிலைய மெட்ரோ நிலையம் நீல வழித்தடத்தின் முனை. ரிக்கற் எடுக்கும்போது கடைசியாக இறங்கும் நிலையத்தின் பெயரையே சொல்லுங்கள். வழியில் மாறுவதற்குத் தனி ரிக்கற் இல்லை. வடபழனி என்றால், நீல வழித்தட ரயிலில் ஏறினால் ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். பலரும் பிழைவிடுவது இங்கேதான்: மாறுகிறோம் என்று நினைத்து ரிக்கற் காட்டும் கதவைத் தாண்டி நிலையத்துக்கு வெளியே வந்தால் ரிக்கற் அத்தோடு முடிந்தது. உள்ளேயே மற்றத் தளத்துக்குப் போய், சென்ட்ரல் என்று எழுதிய ரயிலில் ஏறுங்கள். ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், மூன்றாவது வடபழனி. பரங்கிமலை ரயிலில் ஏறினால் எதிர்ப்பக்கம் போய்விடுவீர்கள். ரிக்கற்றைக் கடைசிவரை கவனமாக வைத்திருங்கள், வெளியேறும் கதவும் அதைத்தான் கேட்கும்.

தி.நகருக்கு மெட்ரோவை விட மின்ரயில் நேர்வழி. விமான நிலையத்துக்கு எதிரே, பெருஞ்சாலையின் மறுபக்கம் திரிசூலம் நிலையம். கடற்கரை நோக்கிப் போகும் ரயிலில் ஏறி மாம்பலத்தில் இறங்குங்கள், ரங்கநாதன் தெரு பக்கத்திலேயே இருக்கிறது. ரிக்கற் ஏறுமுன் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டம். காலை, மாலை நெரிசலில் பெரிய பயணப்பையோடு இதில் ஏறவே வேண்டாம். அந்த நேரம் ஓட்டோதான் நல்லது.

சென்னையிலிருந்து தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் இப்போது புறப்படுவது கோயம்பேடு பேருந்து நிலையத்தில் அல்ல, கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில்.