காருக்குள் சத்தி, சலம், மீன் தண்ணி: மணம் போகக் கழுவும் முறை

மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்களுக்கு, மஹியங்கனைக்கு அப்பால் வரும் 18 வளைவுகளைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பின் சீற்றில் இருக்கும் பிள்ளை பால் குடித்துவிட்டு ஏறியிருந்தால், பாதி வளைவுக்குள்ளேயே சத்தி வந்துவிடும். எங்கள் காரில் அது தங்கச்சியின் மகனுக்கு நடந்தது. மேலே பளிச்சென்று துடைத்த பிறகும், வெயிலில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தால் புளித்த பால் வெடுக்கு முகத்தில் அடிக்கும். அதை முழுதாகப் போக்கிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பிறகு இதே முறையில் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் பூனை பெய்து வைத்ததையும் போக்கினோம். ஆகவே பாலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

தொடங்குமுன் ஒன்று. கண்ணாடியில் தொங்கவிடும் வாசனை அட்டை, சாம்பிராணிப் புகை, கோப்பித்தூள் கிண்ணம் எதுவும் வேண்டாம். காருக்குள் எங்கேயோ ஊறிக் கிடக்கும் ஈரத்திலிருந்து மணம் வந்துகொண்டே இருக்கும். அந்த ஈரம் எதுவரை போனது என்று தேடிப் பிடித்துக் கழுவ வேண்டும், கழுவின தண்ணியை வெளியே எடுக்க வேண்டும், அடிவரை காயவிட வேண்டும். வேலை அவ்வளவுதான், ஆனால் பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சாமான்கள்

கையுறை, முகக்கவசம், இரண்டு வாளி, ஸ்பிறே போத்தல், பழைய பல் பிறஷ், பாத்திரம் கழுவும் திரவம், அப்பச்சோடா, வினாகிரி. உறிஞ்சி எடுக்கப் பழைய பருத்திச் சாறன்கள். ரிஷு பிய்ந்து துணிக்குள் ஒட்டிக்கொள்ளும், அதைக் கிள்ளி எடுப்பது தனி வேலை. வினாகிரியில் வெள்ளை நிறத்தில் வருவதை வாங்குங்கள். தென்னங்கள்ளு வினாகிரியை அச்சாறுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கென்று ஒரு நிறமும் மணமும் உண்டு.

கடற்கரைப் பக்கம் வீடென்றால் கிணற்றுத் தண்ணி உவராக இருக்கலாம். சீற்றைக் கழுவ அது வேண்டாம். காய்ந்த பிறகு உப்பு உள்ளே நின்று ஈரத்தை இழுக்கும், சீற்றுக்கு அடியிலுள்ள இரும்பும் துருப்பிடிக்கும். குழாய்த் தண்ணியே நல்லது.

ஈரத்தையும் உறிஞ்சக்கூடிய வேக்கூம் ஒன்று கிடைத்தால் பாதிப் பாரம் குறையும். யாரிடமாவது இரவல் வாங்குங்கள், அல்லது அந்த ஒரு வேலைக்கு மட்டும் சேர்விஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். வீட்டில் கூட்டுவதற்கு வைத்திருக்கும் சாதாரண வேக்கூமில் தண்ணியை இழுக்கவே கூடாது. மோட்டர் போய்விடும், கரண்ட் அடிக்கவும் கூடும். நீராவி அடிக்கும் மெசினை இந்த வேலைக்கு நான் விரும்புவதில்லை. காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

படி 1: அள்ளுங்கள், தேய்க்காதீர்கள்

கட்டியாக இருப்பதை ஒரு கெட்டி மட்டையாலோ பழைய கரண்டியாலோ ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அள்ளிப் பையில் போட்டுக் கட்டுங்கள். பிறகு சாறனை மடித்து வைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஈரத்தை எடுங்கள். தேய்த்தால் இன்னும் ஆழமாக இறங்கும்.

வழியில் நடந்தால் இதை மட்டுமாவது ஓரமாக நிறுத்திச் செய்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்று விட்டால் அதற்குள் சீற் குடித்துவிடும். சுடுதண்ணி வேண்டாம். பால், இரத்தம், சத்தி எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது, சூட்டில் அது இறுகித் துணி நூலோடு பிடித்துக்கொள்ளும். நீராவி மெசின் வேண்டாம் என்றதும் இதனால்தான்.

படி 2: எதற்கு எது

சத்தி புளிப்பு. வயிற்றிலுள்ள அமிலமும், பால் கெட்டுப்போகும்போது உண்டாகும் பியூட்டிரிக் அமிலமும் சேர்ந்ததுதான் அந்த வெடுக்கு. அதற்கு அப்பச்சோடா சரி. ஒரு லீற்றர் தண்ணிக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். திரவத்தைக் கூட்ட வேண்டாம், நுரையை எடுத்து முடியாது.

சலம் வேறு. பெய்தவுடன் பெரிதாக மணக்காது. பிறகு பக்டீரியா அதிலுள்ள யூரியாவை அமோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைப் பிடிக்க வைக்கும். அமோனியா காரம், அதனால் அதற்கு வினாகிரி: ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணி.

இரண்டையும் ஒன்றாகக் கலந்து பொங்க வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றையொன்று முறித்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணிதான். இரண்டும் தேவையென்றால் ஒன்றைப் போட்டு அலசி எடுத்த பிறகு மற்றது.

இரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணி, அது போதாவிட்டால் பாமசியில் கிடைக்கும் ஐதரசன் பெரொக்சைட். போத்தலில் 10 வொல்யூம் என்று இருந்தால் ஏறத்தாழ 3 வீதம், அப்படியே பாவிக்கலாம். 20 வொல்யூம் என்றால் 6 வீதம், அதே அளவு தண்ணி சேருங்கள். கடுநிறத் துணியை அது வெளுக்கும், ஆகவே கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

வயிற்றோட்டம் என்றால் கையுறையைக் கழற்றாமலே முழு வேலையையும் முடியுங்கள். கிருமி பரவும். பாவித்த துணிகளைக் கழுவி மிச்சம் பிடிக்காமல் எறிந்துவிடுங்கள்.

குளோரின் பிளீச்சைக் காருக்குள் கொண்டுபோகவே வேண்டாம். அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன், வினாகிரியோடு சேர்ந்தால் குளோரின் வாயு. இரண்டும் நெஞ்சைப் பிடிக்கும் நச்சுப் புகை. நீங்கள் தலையை விட்டுக்கொண்டிருப்பது ஒரு சின்னப் பெட்டிக்குள்.

படி 3: கவரைக் கழற்றுங்கள்

என்னை அதிகம் இழுத்தடித்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கம் பெரும்பாலான கார்களில் ஒரிஜினல் துணிக்கு மேல் றெக்சின் கவர் தைத்துப் போட்டிருப்பார்கள். றெக்சினில் தண்ணி இறங்காது என்று நாம் நம்புகிறோம். றெக்சினில் இறங்காதுதான், ஆனால் தையலில் இறங்கும். ஊசித் துளை ஒவ்வொன்றும் ஒரு வழி. மேலே துடைத்தால் கண்ணாடி போலத் துப்புரவாக இருக்கும். உள்ளே ஒரிஜினல் துணியும் அதற்குக் கீழே பஞ்சும் ஊறிக் கிடக்கும். மேலே றெக்சின் மூடியிருப்பதால் அது காயவும் வழியில்லை. வெயில் பட்டதும் அவிந்து அதே துளை வழியாக மணம் மேலே வரும்.

ஆகவே கவரைக் கழற்றுங்கள். பின்பக்கமும் அடியிலும் கொக்கியும் இழுபட்டியும் இருக்கும். கழற்றுமுன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், திரும்பப் போடும்போது அந்தப் படம்தான் உதவும். கவரைத் தனியே சலவைத்தூளில் கழுவலாம். நொதி சேர்த்த தூள் என்று பையில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. அந்த நொதிகள் பால், இரத்தம் போன்றவற்றின் புரதத்தை உடைக்கும்.

அடுத்தது சீற்றின் அடித்தட்டு. பல சிறிய ஜப்பான் கார்களில் பின் அடிச்சீற்றின் முன் விளிம்புக்குக் கீழே இரு பக்கமும் கையை விட்டுச் சட்டென்று மேலே தூக்கினால் கிளிப் விடும். சிலவற்றில் போல்ட் இருக்கும். இழுத்து வராவிட்டால் முரண்டு பிடிக்க வேண்டாம், கிளிப் உடைந்தால் அது வேறு செலவு. தூக்கிப் பார்த்தால் ஈரம் வழிந்த தடம் தெரியும். சீற் பெல்ட் பூட்டும் இடத்தின் இடுக்கு, தண்டவாளம், கம்பளம் எல்லாவற்றையும் பாருங்கள். கம்பளத்துக்கு அடியில் தடித்த கம்பளிப் படை ஒன்று உண்டு. கதவோரப் பிளாஸ்ரிக்கைக் கிளப்பிக் கையை உள்ளே விட்டு அழுத்துங்கள். சில்லென்று இருந்தால் அதுவரை போயிருக்கிறது.

முன் சீற்றை நீங்களே கழற்ற வேண்டாம். அடியில் வயர்கள் போகும், சில கார்களில் சீற்றுக்குள்ளேயே காற்றுப்பை இருக்கும். பற்றரியைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது, கராஜ்காரரிடம் விடுங்கள்.

படி 4: கழுவி உறிஞ்சுதல்

ஸ்பிறே போத்தலால் நனைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பல் பிறஷால் மெதுவாகக் குத்திவிட்டு உறிஞ்சுங்கள். பிறகு வெறும் தண்ணியால் நனைத்து மறுபடி உறிஞ்சுங்கள். பாத்திரம் கழுவும் பஞ்சை எப்படிச் சோப்புப் போகும்வரை பிழிகிறோமோ, சீற்றின் பஞ்சும் அப்படித்தான், பிழிய மட்டும் முடியாது. அதனால்தான் வேக்கூமும் சாறனும். உறிஞ்சிய தண்ணி தெளிவாக வரும்வரை தொடர வேண்டும். கறை பட்ட அளவைவிட நாலு விரல் அகலம் கூட்டியே கழுவுங்கள், உள்ளே அது பரந்திருக்கும்.

வாளியோடு ஊற்றுவது ஆபத்து. ஊற்றின தண்ணி அழுக்கையும் கூட்டிக்கொண்டு இன்னும் கீழே போகும்.

சீற் பெல்ட்டில் பட்டிருந்தால் முழுவதும் வெளியே இழுத்து, உள்ளே போகாமல் உடுப்புக் கிளிப் போட்டு, வாளியில் சோப்புத் தண்ணி வைத்துக் கழுவுங்கள். பிளீச்சோ பெரொக்சைட்டோ படவே கூடாது, நாடா வலுவிழந்தால் விபத்தில் அது உங்களைத் தாங்காது. காயுமுன் உள்ளே விடவும் கூடாது.

படி 5: காயவைத்தல்

கச்சான் வீசும் மாதங்களில் இது பெரிய பாடில்லை. கழற்றிய அடிச்சீற்றைக் காற்றுப் படும் இடத்தில் சாய்த்து வைத்து, காரின் நாலு கதவையும் திறந்துவிட்டால் போதும். கார்த்திகை, மார்கழி மாரியில்தான் கஷ்டம். காற்றிலேயே ஈரம். ஒன்றிரண்டு நாள் ஈரமாகக் கிடந்தாலே பூஞ்சணம் பிடித்துவிடும், பிறகு பழைய மணத்தோடு புது மணமும் சேரும். முடிந்தால் மழைக்காலத்தில் முழுக் கழுவல் வைக்காதீர்கள். வேறு வழி இல்லையென்றால் காரைப் போர்ட்டிகோவுக்குள் விட்டு, கதவுக்கு முன் மேசை ஃபானை வைத்து இரவிரவாக ஓடவிடுங்கள். உள்லைற்றை நிறுத்த மறக்க வேண்டாம், கதவு திறந்திருந்தால் அது எரிந்தபடியே இருந்து பற்றரியை இறக்கிவிடும்.

முழுதாகக் காய்ந்த பிறகு அப்பச்சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு வேக்கூம் பிடிக்கலாம். ஈரத்தில் தூவினால் கட்டிபட்டு வெள்ளையாக ஒட்டும்.

சரிபார்க்க ஒரு வழி: கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மத்தியானம் வெயிலில் நிறுத்துங்கள். திறந்தவுடன் முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். சில நிமிடம் போனால் மூக்குப் பழகிவிடும், ஆகவே வீட்டில் வேறு யாரையாவது திறக்கச் சொல்லுங்கள். என் மச்சாளுக்கு அந்த மூக்கு இருக்கிறது, அவள் சரி என்றால்தான் சரி.

படி 6: ஏசி

உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அமர்த்தி வைத்துக்கொண்டு நாற்றத்தோடு ஓடியிருந்தால், ஏசி வடிகட்டியும் அதைக் குடித்திருக்கும். பெரும்பாலும் டாஷ்போட் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். விலை அதிகமில்லை, மாற்றிவிடுங்கள். கழுவிப் போடுவது வீண் வேலை. பிறகு வெளிக்காற்று எடுக்கும் நிலையில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஃபானைக் கூட்டி வைத்துச் சிறிது நேரம் ஓடவிடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

டொயோட்டா அக்குவா வைத்திருப்பவர்கள் கவனம். அதன் ஹைபிரிட் பற்றரி பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது. பற்றரிக்குக் காற்றுப் போகும் சல்லடை சீற்றின் ஓரத்தில் உண்டு, அதற்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்துங்கள். உள்ளே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் ஹைபிரிட் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பூனை மூத்திரத்துக்கு வினாகிரி போட்டும் மழை நாளில் மணம் திரும்புகிறது என்று ஏறாவூரிலிருந்து ஒருவர் எழுதினார். அது யூரிக் அமில உப்பு. தண்ணியில் எளிதில் கரையாது, காற்றில் ஈரம் ஏறும்போது மறுபடி மணக்கும். இதற்குச் செல்லப்பிராணிச் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும் நொதித் திரவம்தான் சரி. ஊரில் இல்லாவிட்டால் ஒன்லைனில் எடுக்கலாம். டெட்டோல், வினாகிரி போட்டிருந்தால் முதலில் நன்றாக அலசுங்கள், அவை நொதியைக் கெடுக்கும். மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் திரவமும் போக வேண்டும். ஊற்றி, மேலே பொலித்தீன் மூடிப் பல மணிநேரம் ஈரமாகவே விடுங்கள். காய்ந்துவிட்டால் வேலை செய்யாது. உடனே துடைத்துவிட்டு, சாமான் சரியில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

மீன் தண்ணி. கல்முனையில் சூரை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி டிக்கிக்குள் போட்டுப் பை ஒழுகிய கதை எங்கள் பக்கம் வீட்டுக்கொன்று இருக்கும். மீன் மணம் காரத்தன்மையுள்ள அமீன்களால் வருவது, அதனால்தான் மீன் கழுவிய கைக்குத் தேசிக்காய் தேய்க்கிறோம். டிக்கிக்கும் அதே புளிப்புத்தான்: முதலில் குளிர்ந்த சோப்புத் தண்ணி, அலசிய பிறகு வினாகிரித் தண்ணி. மேல்விரிப்பையும் அதற்குக் கீழுள்ள பலகையையும் தூக்கி, உதிரிச் சில்லு வைக்கும் குழியைப் பாருங்கள். ஒழுகியதெல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும். சில்லையும் வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்த பிறகு திரும்ப வையுங்கள்.