படிப்பை விட்டு நின்ற பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப

ஊர்க் கோயில் கொடைத் திருவிழா முடிந்து பந்தலும் பிரித்தாயிற்று, ஆனாலும் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் தெருவிலேயே திரிகிறான் என்றால் அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள். ஒரு பருவம் போகட்டும் என்று விட்டால் செங்கல் சூளையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ கையில் காசு பார்த்துவிடுவான், அப்புறம் நம் பேச்சு எடுபடாது.

நான் திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல், பாப்பாக்குடி பக்கத்தை வைத்துச் சொல்கிறேன். இங்கே வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். சுற்றிய பீடிக் கட்டுகளைக் கடையில் ஒப்படைக்கிற அவசரத்தில் இருக்கும் அம்மாவிடம் படிப்பைப் பற்றிப் பேசினால் காதில் ஏறாது. கடைக்குப் போய்த் திரும்பிய பிறகு போங்கள், வாசலில் நின்று பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். "ஏன் அனுப்பல?" என்று கேட்டால் "போவ மாட்டேங்கான், நான் என்ன செய்ய?" என்றுதான் பதில் வரும். பல வீடுகளில் அது உண்மையும்தான். பெண் பிள்ளை என்றால் கூடுதலாகக் கவனியுங்கள். அம்மா சுற்றச் சுற்ற நுனியை மடக்கிக் கொடுப்பதும் தம்பியைத் தூக்கி வைத்திருப்பதும் அவள் தலையில் விழுந்திருக்கும். அதைப் பெரியவர்களிடம் நேராகவே பேசுங்கள்.

எல்லாரும் வறுமை என்பார்கள், வறுமை இருக்கிறதுதான். ஆனால் நான் பார்த்த பிள்ளைகளில் பலருக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை, வகுப்பில் தலைகுனிந்து தலைகுனிந்து சலித்துப்போய்த்தான் நின்றார்கள். அதனால் முதலில் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், யாரும் இல்லாத இடத்தில். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பையனிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன், கடகடவென்று வாசித்தான். நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து "இது என்னப்பா?" என்றேன். கண் வரியின் தொடக்கத்துக்குப் போனது, உதடு முணுமுணுத்துக்கொண்டே அங்கிருந்து வந்து என் விரல்கிட்டே நின்றது. அத்தனையும் மனப்பாடம். சொல்லின் நடுவில் வரும் புள்ளி வைத்த எழுத்தை விழுங்கிவிடுவான், 'பட்டம்' அவனுக்குப் 'படம்'. இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் சுமார் 70 சதவீதம் பேருக்கு ஒரு சின்னக் கதையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று 2022இல் உலக வங்கியும் யுனிசெஃபும் யுனெஸ்கோவும் சேர்ந்து கணக்குச் சொன்னன. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்.

ஆகவே வயதை மறந்துவிட்டு, அவன் எங்கே தடுக்குகிறானோ அங்கிருந்து தொடங்குங்கள். தினம் அரை மணி நேரம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. எனக்குக் கைகொடுத்தது பஸ் போர்டு. முக்கூடலில் ஒரு 'க்', பாப்பாக்குடியில் 'ப்'பும் 'க்'கும். பஸ் நெருங்கி வருவதற்குள் வாசித்துவிட வேண்டும் என்று பந்தயம் வைத்தோம், புள்ளி எழுத்து அப்படித்தான் அவனுக்குப் பிடிபட்டது.

பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குப் பயப்பட வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை, வருஷத்தின் நடுவில் வந்திருக்கிறான் என்று எதைச் சொல்லியும் மறுக்க முடியாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்ட பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும், இதைக் கேட்டு வாங்குங்கள். பேர் இன்னும் பதிவில் இருந்தால் புதிதாகச் சேர்க்கவே வேண்டியதில்லை. முதலில் தலைமையாசிரியரிடம் அமைதியாகப் பேசுங்கள், நடக்கவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுதிக் கொடுங்கள். கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையை எங்காவது வேலைக்கு வைத்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு அதே வருஷம் துணைத்தேர்வு உண்டு, தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். முடிவு வந்த அன்றே போய்ச் சொல்லுங்கள், விண்ணப்பிக்கிற நாட்கள் குறைவு. பெண் பிள்ளையின் அம்மாவிடம் புதுமைப்பெண் திட்டத்தையும் சொல்லுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய். 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது வந்துவிட்டது. நம் பக்கம் அந்தப் பள்ளிகள்தானே அதிகம். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் பிள்ளைக்கு மத்திய அரசின் உதவித்தொகை தனியாக உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும் இப்போது பள்ளியிலேயே கிடைக்கிறது. காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கிய எட்டயபுரம் அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம்தான், சோறு போட்டால் பிள்ளை வரும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரும்பப் போகிற முதல் வாரம்தான் கஷ்டம். சீருடை சின்னதாகிப் போயிருக்கும், முதல் நாளே பார்த்து வையுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம், எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லவும் வேண்டாம் என்று வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையில் கேட் வரைக்கும் நீங்களும் கூட நடங்கள், சாயங்காலம் மணி அடிக்கும்போது அங்கேயே நில்லுங்கள்.