நம்ம கொள்கை எங்கிருந்து வந்தது? நோட்டுப் போட்டுத் தேடும் முறை

'நேர்மை, உழைப்பு, அன்பு' என்று எழுதி வைத்தால் அது விழுமியப் (நாம் மதித்துப் பிடித்திருக்கும் கொள்கைகளின்) பட்டியல் ஆகாது. யாரைக் கேட்டாலும் அதையேதான் எழுதுவார். ஒன்று உண்மையில் உங்களுடையது என்றால், அதற்காகக் கைக்காசையோ நேரத்தையோ உறவையோ எப்போதாவது இழந்திருப்பீர்கள். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு 40 பக்க நோட்டு போதும். 14 நாள், இரவு படுக்கும் முன் கால் மணி நேரம் எழுதுங்கள். கட்டாயம் இல்லாமல் கொடுத்த பணம் (கைமாத்து, மொய், தங்கச்சிக்குப் போட்ட ரீசார்ஜ்), கட்டாயம் இல்லாமல் கொடுத்த நேரம், கோபம் வந்த இடம். இந்த மூன்றில் கோபம்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். தண்ணி லாரி வரிசையில் ஒருவர் குடத்தை முன்னால் நகர்த்தி வைக்கிறார், உங்களுக்குச் சுர்ரென்று ஏறுகிறது. உங்கள் குடம் நிரம்பாது என்பதாலா, பின்னால் நிற்கும் ஆயாவுக்குக் கிடைக்காது என்பதாலா? முதலாவது தேவை. இரண்டாவதுதான் விழுமியம். அன்றிரவே எழுதிவிடுங்கள், விட்டால் மனசு நமக்குச் சாதகமாகக் கதையை மாற்றிவிடும்.

இந்த 14 நாளும் நடந்ததை மட்டும் எழுதுங்கள், பெயர் வைக்காதீர்கள். 15ஆம் நாள் மொத்தமாகப் படித்து, மூன்று முறைக்கு மேல் திரும்ப வந்ததைச் சுழித்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் செயலாக இருக்கட்டும்: 'நாணயம்' என்று அல்ல, 'பட்டினி கிடந்தாலும் சீட்டுப் பணத்தைத் தேதியில் கட்டிடணும்' என்று.

இனி ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பக்கம், மூன்று கேள்வி. இதை முதலில் யார் செய்யப் பார்த்தேன்? அவருக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் மீறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் கேள்விக்கு, காதால் கேட்ட அறிவுரையைச் சேர்க்காதீர்கள். கண்ணால் பார்த்தது மட்டும்தான் கணக்கு.

மற்ற இரண்டுக்கும் பெரியவர்களைக் கேட்க வேண்டும். 'உங்க கொள்கை என்ன ஆயா?' என்றால் ஒன்றும் வராது. 'வேலை இல்லாத மாசம் அரிசிக்கு என்ன பண்ணீங்க? யார் வீட்ல கேப்பீங்க, யார் வீட்ல கேக்கவே மாட்டீங்க?' என்று கேளுங்கள். மீன் ஆயும்போது, கீரை கிள்ளும்போது கேட்டால் பேச்சு தானாக வரும்.

வட சென்னையில் பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்புப் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் என்றால் மில்லைப் பற்றிக் கேட்காமல் விடாதீர்கள். பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்றார்கள். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். வேலைக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் மோதல் வெடித்துப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரு வீட்டில் அது 'சங்கத்தை விட்டுக்கொடுக்காதே' என்று தங்கியிருக்கும். இன்னொரு வீட்டில் 'கூட்டத்தை நம்பாதே, நம்ம ஆளைப் பாரு' என்று தங்கியிருக்கும். சம்பவம் ஒன்றுதான். உங்கள் வீட்டுக்கு எது வந்தது என்று கேளுங்கள். காசிமேட்டு மீனவக் குடும்பங்களில் மீன் வருமானப் பங்கைப் பற்றிக் கேளுங்கள்: டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தை எப்படிப் பிரித்தார்கள், உடம்பு முடியாமல் கரையில் இருந்தவருக்குக் கொடுத்தார்களா?

அதிகம் சறுக்குவது இரண்டு இடத்தில். எல்லாவற்றையும் 'அம்மா கத்துக் கொடுத்தது' என்று முடித்துவிடுவது ஒன்று. அந்தப் பக்கத்தில் தெரு, வாத்தியார், கேரம் கிளப்பு அண்ணன், முதல் முதலாளி ஆகியோரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். இன்னொன்று, பயத்தை விழுமியம் என்று எடுத்துக்கொள்வது. 'எந்த வம்புக்கும் போகக் கூடாது' என்பது போலீஸ் பயமாக இருக்கலாம். ஆபத்தே இல்லை என்றாலும் அப்படித்தான் நடப்பேனா என்று கேட்டால் தெரிந்துவிடும். யார் வீட்டில் சாப்பிட மாட்டோம், யாருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்பவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். கசக்கும். ஆனால் அதை விட்டுவிட்டால் நோட்டில் பாதிதான் உண்மை.

கடைசியாக ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 'வெச்சுக்கலாம்', 'மாத்தணும்', 'விட்டுடணும்' என்று ஒன்றை எழுதுங்கள். மாற்ற வேண்டியதற்கு அந்த மாதத்துக்குள் ஒரு செயல்: உதாரணமாக, இதுவரை கால் வைக்காத வீட்டில் ஒரு வேளை சாப்பாடு.

வேலை மாறினாலோ கல்யாணம் ஆனாலோ மறுபடி நோட்டை எடுங்கள். குடியிருப்பு மாறிப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வு அடுக்குமாடிகளுக்குப் போனவர்கள் ஆறு மாதம் கழித்து எடுப்பது நல்லது. கைமாத்து கேட்க ஆள் இல்லாத புதுத் தளத்தில், பழைய தெருவை நம்பி நின்ற பழக்கங்கள்தான் முதலில் உதிரும்.