அரிய நரம்பு நோய்க்கான மருந்தைச் சோதிக்கும் முறை

பரம்பரை டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டோசிஸ் நோயில், கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம் மரபணுப் பிறழ்வால் உருக்குலைந்து நரம்புகளில் படிகிறது. பாதங்களில் மதமதப்பாகத் தொடங்கும் பாதிப்பு மெல்ல மேலேறி, நடையையே பறித்துவிடும். இதற்கான மருந்தைச் சோதிக்க முனைவோர், எதை வெற்றி என்று கொள்வது என்பதை முதலிலேயே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். சிதைந்த நரம்பு எளிதில் தேறாது. நோய் மேலும் முற்றாமல் நிற்பதே பெரும் பலன். மருந்து பெறாத குழுவோடு நீண்டகாலம் ஒப்பிட்டால்தான் அது புலப்படும். பாட்டிசிரான் மருந்துக்கான அப்போலோ ஆய்வு 18 மாதங்கள் நீடித்தது.

அடுத்தது அளவீடு, அதிகக் கவனம் தேவைப்படும் இடமும் இதுதான். அப்போலோவில் தசை வலிமை, அனிச்சைச் செயல், தொடுவுணர்வு, வெப்ப உணர்வு, நரம்புக் கடத்தல், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் மாறும் அளவு ஆகியவற்றைச் சேர்த்து 304 வரை மதிப்பெண் இட்டனர். எண் கூடினால் பாதிப்பு கூடியதாகப் பொருள். ஒரே நோயாளியின் மதிப்பெண் நாளுக்கு நாள் சற்று மாறும் என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு நாள்களில் இருமுறை சோதித்துச் சராசரி காண வேண்டும். பரிசோதிப்பவர் சிகிச்சையளிக்கும் மருத்துவராக இருக்கக் கூடாது. மருந்தேற்றுவதற்கு முன், ஒவ்வாமை போன்ற எதிர்வினையைத் தடுக்கத் தரும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போன்றவற்றை மருந்துப்போலிக் (மருந்தைப் போலவே தோன்றும், மருந்தில்லாத பொருள்) குழுவுக்கும் தர வேண்டும். இல்லாவிட்டால் யார் எந்தக் குழு என்பது வெளிப்பட்டுவிடும்.

அப்போலோவில் 225 பேரில் 148 பேர் மருந்தையும் 77 பேர் மருந்துப்போலியையும் பெற்றனர். இத்தகைய 2:1 பங்கீடு நோயாளிகளுக்கு நியாயமானது என்பது என் கருத்து. முடிவில் மருந்துக் குழுவின் சராசரி மதிப்பெண் 6 குறைந்தது, மற்றக் குழுவில் 28 கூடியது. அந்த 28 என்பது மனிதர்கள் இழந்த வலிமையும் உணர்வும் ஆகும். ஆகவே வேகமாக நலிவோர் இடையிலேயே மாற்றுச் சிகிச்சைக்குச் செல்ல வழி வைத்தே தீர வேண்டும்.

இடையில் விலகுவோரை எப்படிக் கணக்கில் கொள்வது என்பதையும் முன்கூட்டியே சிந்திக்க வேண்டும். இதே நோய்க்கான டாஃபமிடிஸ் மருந்தின் ஆய்வில் கல்லீரல் மாற்று அறுவைக்காக விலகியவர்கள் பலன் பெறாதோராகக் கணக்கிடப்பட்டனர். அதன் முதன்மை முடிவு, வேறுபாடு தற்செயலானதல்ல என்று கொள்வதற்கான புள்ளியியல் வரம்பை எட்டவில்லை.

பலனளிக்கும் மருந்து கிடைத்த பிறகு, புதிதாக யாருக்கும் மருந்துப்போலி தருவதை நியாயப்படுத்துவது கடினம். இதே நோய்க்கான பிந்தைய மருந்தான வூட்ரிசிரானின் ஆய்வு அப்போலோவின் பழைய மருந்துப்போலிக் குழுவையே ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தியது. இவ்வழியில் செல்வோர் நோயாளிகளைச் சேர்க்கும் தகுதி வரம்பையும் அளவீட்டு முறையையும் பழைய ஆய்வுக்கு இணையாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.