ஒரு குண்டுவீச்சு ஸ்குவாட்ரனின் இழப்புப் பட்டியலை நாமே போடுவது எப்படி? (617ஐ வைத்து ஒரு செய்முறை)

பையனுக்கு ஒரு லங்காஸ்டர் (இரண்டாம் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம்) பிளாஸ்டிக் மாதிரி வாங்கிக் கொடுத்திருந்தேன். எல்லாம் ஒட்டி முடித்து, பக்கவாட்டில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டுகிற நேரத்தில் "இந்த எழுத்து போட்ட பிளேன் திரும்பி வந்துச்சாப்பா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு தேட உட்கார்ந்தவன், மூன்று வாரம் கழித்து 617ஆம் ஸ்குவாட்ரனின் முதல் ஆறு மாதத்துக்கான முழு இழப்புப் பட்டியலோடு எழுந்தேன். நடுவில் ஓரிடத்தில் கணக்கு கச்சிதமாக ஒத்துப்போனது, ஆனால் முழுத் தப்பு. அந்த இடத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், மற்றதெல்லாம் வேகமாக ஓட்டிவிடுவேன்.

617 என்பது 1943 மார்ச் 21 அன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், ஸ்காம்ப்டன் தளத்தில் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன், அதாவது விமானப்படைப் பிரிவு. தலைவர் கை கிப்சன், வயது 24. ஜெர்மனியின் ரூர் பகுதி அணைகளைத் துள்ளும் குண்டால் உடைக்கப் போனார்களே, அவர்கள்தான்.

படி 1: காலத்தைச் சுருக்குங்கள்

முழுப் போரையும் எடுத்துக்கொண்டால் பாதியில் விட்டுவிடுவீர்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் 1943 மார்ச் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை என்று கோடு போட்டேன். இதில் பெரிய இழப்பு மூன்று இரவுகளில்தான்: மே 16/17 (அணைத் தாக்குதல்), செப்டம்பர் 14/15, செப்டம்பர் 15/16. நடுவில் ஜூலையில் இத்தாலிக்குப் போன தாக்குதல்களில் யாரும் சாகவில்லை. பழகுவதற்கு இது நல்ல அளவு.

(617 வேண்டாம், நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது வேண்டும் என்றால் இலங்கைக்காரர்கள் 102ஐ எடுக்கலாம், அதன் முழுப்பெயரிலேயே சிலோன் இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா பக்கம் இருப்பவர்களுக்கு 97, 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' ஸ்குவாட்ரன். பறந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பணம் கொடுத்த காலனிகளின் பெயரைச் சூட்டினார்கள், அவ்வளவுதான்.)

படி 2: ஸ்குவாட்ரனின் நாட்குறிப்பை எடுங்கள்

ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் அன்றன்றைய நடவடிக்கைகளை எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 என்ற வரிசையில் இவை எல்லாம் இருக்கின்றன. 617க்கு ஏஐஆர் 27/2128 (AIR 27/2128). தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள், ஸ்கேன் பக்கங்கள் வரும்.

இரண்டு வகைத் தாள் இருக்கும். படிவம் 540 என்பது மாதச் சுருக்கம், கதை மாதிரி போகும். படிவம் 541 என்பது விமானம் விமானமாக எண், உள்ளே இருந்தவர்கள், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம். புதிதாக வருபவர்கள் 540ஐப் படித்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது 541. அதில் ஒரு வரிசைக்கு எதிரே திரும்பிய நேரம் இருக்காது, 'திரும்பவில்லை' என்று மட்டும் இருக்கும். ஏன், எங்கே என்றெல்லாம் இருக்காது, எழுதியவருக்கு அன்று காலை அதற்குமேல் எதுவும் தெரிந்திருக்காது.

படி 3: ஒரு வரிக்கு ஒரு ஆள்

எதில் போடுவது? லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் போதும். வம்சாவளி மென்பொருள், டேட்டாபேஸ் என்று போகாதீர்கள், அதைக் கற்றுக்கொள்ளவே ஒரு வாரம் போய்விடும். நான் முதலில் ஒரு வரிக்கு ஒரு விமானம் என்று போட்டேன். அதுதான் எல்லா வினைக்கும் காரணம், படி 6ல் சொல்கிறேன்.

பத்திகள் இவை: இரவு, விமான எண், எழுத்து, பெயர், சர்வீஸ் எண், வேலை, முடிவு, கல்லறை. 'இரவு' பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றி '16/17 மே' என்றே அடியுங்கள். சர்வீஸ் எண் பத்தியும் டெக்ஸ்ட்தான். கனடாக்காரர்களுக்கு எண்ணுக்கு முன்னால் அதிகாரி என்றால் ஜே, மற்றவர்களுக்கு ஆர் என்று எழுத்து வரும், சில இடங்களில் நடுவே சாய்கோடு இருக்கும், சில இடங்களில் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மே இரவுக்கு 19 லங்காஸ்டர்கள், ஒன்றுக்கு ஏழு பேர், 133 வரி வர வேண்டும். வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள். விமானி, பொறியாளர், நேவிகேட்டர், ரேடியோ ஆள், குண்டு குறிபார்ப்பவர், துப்பாக்கிக்கு இரண்டு பேர். (இந்தத் தாக்குதலுக்காக விமானத்தின் முதுகில் இருந்த துப்பாக்கிக் கூண்டைக் கழற்றிவிட்டார்கள், அதனால் அந்த ஆள் மூக்குக்குப் போய் உட்கார்ந்தார்.)

படி 4: எண்ணும் எழுத்தும்

விமானத்தின் நிரந்தர அடையாளம் அதன் எண். எழுத்து என்பது ஸ்குவாட்ரன் வைத்த கூப்பிடு பெயர், அது மாறும். 617க்கு ஏஜே, அதன் பிறகு ஒரு எழுத்து. கிப்சன் பறந்தது ஏஜே-ஜி, எண் இடி932.

இந்த விமானங்களின் எண்ணைப் பல இடங்களில் 'இடி932/ஜி' என்று பார்ப்பீர்கள். சரி, ஜி விமானம், பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நான் கடந்துபோனேன். அடுத்து 'இடி825/ஜி'. என்னடா இது, ஒரே இரவில் இரண்டு ஜியா? அரை நாள் போனது. அந்த ஜி எழுத்து கூப்பிடு பெயரே இல்லை, ரகசியச் சாமான் உள்ள விமானம், தரையில் நிற்கும்போது எப்போதும் காவல் இருக்க வேண்டும் என்பதற்கான குறி. இடி825 உண்மையில் ஏஜே-டி (AJ-T).

அந்த ஏஜே-டி விஷயத்திலும் ஒரு சிக்கல். விமானி ஜோ மெக்கார்த்தி பறந்திருக்க வேண்டியது ஏஜே-க்யூ. கடைசி நேரத்தில் அதில் கோளாறு, இருந்த ஒரே மாற்று விமானத்தில் ஏறிக்கொண்டார். முன்கூட்டியே போட்ட திட்டப் பட்டியலைப் பார்த்து நிரப்பினால் ஏஜே-க்யூ ஜெர்மனிக்குப் போய்விடும். எப்போதும் நடந்ததை எழுதிய தாளைப் பாருங்கள்.

படி 5: யார் எங்கே புதைந்திருக்கிறார்கள்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேதி, பிரிவு கொடுத்துத் தேடலாம், வந்த விடையை அப்படியே அட்டவணையாக இறக்கிக்கொள்ளலாம். லிங்கனில் இருக்கும் பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புத் தரவுத்தளத்தில் விமானம் விழுந்த விவரமும் சேர்ந்து கிடைக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஆனால் இரண்டையும் ஒப்பிடாமல் ஒரு வரியைக்கூடச் சரிபார்த்தாயிற்று என்று பச்சை நிறம் ஆக்காதீர்கள்.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். நம் ஊரில் முருகன் என்று தேடுவது மாதிரி அங்கே வில்சன். சர்வீஸ் எண்தான் கை கொடுக்கும்.

தேதி இரண்டையும் போடுங்கள். ஒரே இரவு, ஆனால் நள்ளிரவு குறுக்கே வருகிறது. பயர்ஸ் என்ற விமானியின் விமானம் டச்சுக் கடலோரத்தில் விழுந்தபோது இன்னும் 16ஆம் தேதிதான், இரவு 11 ஆகவில்லை. இன்னொரு விமானி ஹென்றி யங் திரும்பி வரும் வழியில், அதே டச்சுக் கடலோரத்தில் கடைசியில் சுடப்பட்டபோது 17ஆம் தேதி அதிகாலை 3 மணி ஆகப்போகிறது. 16 மட்டும் கொடுத்துத் தேடினால் பாதிக்கு மேல் காணாமல் போகும்.

ஒரு விமானத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்றும் நினைக்காதீர்கள். பயர்ஸின் ஏழு பேரில் ஆறு பேருக்குக் கல்லறை கிடையாது, ரன்னிமீட் நினைவகச் சுவரில் பெயர் மட்டும். வால் துப்பாக்கியில் இருந்தவரின் உடல் மட்டும் பிறகு கடலில் கிடைத்து, ஹார்லிங்கனில் அடக்கம் ஆனது. 'ஆறு பேர் உயிர் தப்பினார்கள் போல' என்று நான் எழுதிவைத்திருந்த குறிப்பு இன்னும் என் நோட்டில் இருக்கிறது, அடித்துவிட்டு.

மே இரவின் கணக்கு: எட்டு விமானம் திரும்பவில்லை, 56 பேர். செத்தது 53. மிச்சம் மூன்று பேர், ஹாப்குட் விமானத்தில் இரண்டு, ஓட்லி விமானத்தில் ஒருவர், மூவரும் போர்க்கைதிகள். 53 கூட்டல் 3, 56. சரியாக உட்கார்ந்தது. இந்தச் சரிதான் எனக்குத் தலைக்கனத்தைக் கொடுத்தது.

படி 6: நான் விழுந்த பள்ளம்

ஆகஸ்ட் கடைசியில் ஸ்குவாட்ரன் கோனிங்ஸ்பி தளத்துக்கு மாறுகிறது. கிப்சன் போய் ஜார்ஜ் ஹோல்டன் தலைவர். செப்டம்பர் 15/16 இரவு, 12,000 பவுண்டு குண்டோடு எட்டு லங்காஸ்டர்கள் ஜெர்மனியின் டார்ட்மண்ட்-எம்ஸ் கால்வாயைத் தாக்கப் போகின்றன. பனிமூட்டம், தாழ்வான பறத்தல். ஐந்து விமானம் திரும்பவில்லை, அவற்றின் விமானிகள்: ஹோல்டன், ஆல்ஸ்புரூக், வில்சன், டிவால், நைட்.

என் கணக்கு: ஐந்து பெருக்கல் ஏழு, 35. கல்லறை ஆணையத்தில் தேடினேன், 33 பேர். ஆக இரண்டு பேர் உயிரோடு. கைதிகள் பட்டியலைப் பார்த்தேன், அந்த இரவில் பிடிபட்டவர்கள் இரண்டே பேர். 33 கூட்டல் 2, 35. கச்சிதம்! பச்சை நிறம் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஒரு வாரம் கழித்து நைட்டைப் பற்றிப் படிக்கும்போதுதான் உறைத்தது. லெஸ் நைட், 22 வயது ஆஸ்திரேலியர், மே மாதம் ஈடர் அணையை உடைத்தவர். அன்று இடது பக்க இரண்டு எஞ்சினும் போன நிலையில் ஹாலந்து வரை விமானத்தை இழுத்துவந்து, உடன் இருந்த எல்லோரையும் பாராசூட்டில் குதிக்கச் சொல்லிவிட்டு, தனியாக டென் ஹாம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இறக்கப் பார்த்துச் செத்துப்போனார். குதித்தவர்கள் ஏழு பேர். ஐந்து பேர் டச்சுக்காரர்கள் உதவியோடு தப்பி இங்கிலாந்து திரும்பினார்கள், இரண்டு பேர் பிடிபட்டார்கள்.

ஏழு பேர் குதித்தார்கள், எட்டாவது ஆள் நைட். ஏழு பேர் ஏறும் விமானத்தில் எட்டுப் பேரா?

ஆமாம், அந்த இரவு ஒவ்வொரு விமானத்திலும் கூடுதலாக ஒரு துப்பாக்கி வீரரை ஏற்றியிருந்தார்கள். ஐந்து பெருக்கல் எட்டு, 40. செத்தது 33, கைதி 2, தப்பி வந்தவர்கள் 5. தப்பி வந்தவர்கள் கல்லறைப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள், கைதிப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். என் பெருக்கலில் விட்டுப்போனவர்களும் ஐந்து, பட்டியல்களில் இல்லாதவர்களும் ஐந்து, இரண்டு ஓட்டையும் ஒன்றை ஒன்று மூடிக்கொண்டன. 541ல் எட்டுப் பெயர் கண்ணெதிரே இருந்தது. நான் விமானத்தை எண்ணினேனே தவிர ஆளை எண்ணவில்லை.

அதனால் 'முடிவு' பத்தியில் நான்கு சொல்தான் அனுமதி: திரும்பினார், இறந்தார், கைதி, தப்பி வந்தார். வெற்றுக் கட்டம் விடவே கூடாது. கவுன்ட்இஃப் (ஒரு சொல் எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணும் சூத்திரம்) போட்டு நான்கையும் கூட்டினால் அந்த இரவின் வரிகளின் எண்ணிக்கை வர வேண்டும்.

இதைத் திருத்திய பிறகு முந்தைய இரவையும் மறுபடி பார்த்தேன். செப்டம்பர் 14/15 அன்று இலக்கில் பனி என்று எல்லோரையும் நடுவழியில் திருப்பி அழைத்தார்கள், திரும்பும்போது மால்ட்பியின் விமானம் கடலில் விழுந்தது. அதிலும் எட்டுப் பேர். இரண்டு இரவுக்கும் சேர்த்து 41 பேர் சாவு.

பிற்சேர்க்கை: "வில்சனும் டிவாலும் மே பட்டியலில் இல்லையே, விட்டுவிட்டீர்களா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். விடவில்லை. இருவரும் அந்தத் தாக்குதலுக்குப் பயிற்சி எடுத்தவர்கள், உடல்நலக் குறைவால் அன்று பறக்கவில்லை. பயிற்சி எடுத்தவர் பட்டியலும் பறந்தவர் பட்டியலும் வேறு வேறு.

பிற்சேர்க்கை 2: பிரிட்டிஷ் நேரமும் ஜெர்மன் நேரமும் ஒரு மணி இடிக்கிறது என்று ஒருவர் எழுதினார். மே மாதம் பிரிட்டனில் இரட்டைக் கோடை நேரம், ஜெர்மன் கடிகாரமும் அதே நேரம்தான் காட்டியது. ஆகஸ்ட் நடுவில் பிரிட்டன் ஒரு மணி நேரம் பின்னால் வைத்தது, ஜெர்மனி வைக்கவில்லை. செப்டம்பருக்குப் பிரிட்டிஷ் நேரத்தோடு ஒரு மணி கூட்டிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 3: அணைக்குக் கீழே இருந்தவர்களை ஏன் சேர்க்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. வெள்ளத்தில் செத்தவர்கள் சுமார் 1,300 பேர், அதில் நூற்றுக்கணக்கானவர்கள் நெஹைம் முகாமில் அடைத்து வைக்கப்பட்டிருந்த கட்டாயத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். இந்தச் செய்முறை அவர்களுக்கு உதவாது. அங்கே 541 மாதிரி ஒரு தாள் கிடையாது.

படி 7: இன்னொரு பத்தி

முடிந்தது என்று நினைத்தபோது பையன் மறுபடி வந்தான். அவன் ஒட்டியிருந்தது ஜி. "வந்துச்சு" என்றேன். 'திரும்பினார்' என்று ஏழு வரி. சந்தேகத்துக்கு 'போர் முடிவில்' என்று ஒரு பத்தி சேர்த்து, அந்த ஏழு சர்வீஸ் எண்ணையும் ஸ்குவாட்ரன் பெயர் போடாமல் மறுபடி தேடினேன். ஸ்குவாட்ரன் போடாமல் என்பது முக்கியம், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், 617 என்று வடிகட்டினால் வெளியே போனவர்கள் விழமாட்டார்கள்.

நான்கு பேர் ஹோல்டனோடு செப்டம்பரில், தலைவரின் குழு என்பதால் அடுத்த தலைவருக்கே போயிருந்தார்கள். பொறியாளர் 1944 பிப்ரவரியில். வால் துப்பாக்கி வீரர் 1944 மார்ச் 30/31 இரவு நியூரம்பர்க் தாக்குதலில், அப்போது அவர் இருந்தது 97ல். கிப்சன் 1944 செப்டம்பரில் ஹாலந்தில், அது லங்காஸ்டர்கூட இல்லை, மாஸ்கிட்டோ.

ஏழு கட்டத்திலும் 'இல்லை' என்று அடித்தேன். பையனிடம் இன்னும் சொல்லவில்லை, ஸ்டிக்கர் காய்ந்துகொண்டிருக்கிறது.