புது சுயசரிதை வாங்குமுன் 1964-ஐப் புரட்டிப் பாருங்கள்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் இந்திய வம்சாவளித் தமிழரான மலையகத்தவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறோ நினைவுக் குறிப்போ புதிதாகக் கண்ணில் பட்டால் அணிந்துரையை விட்டுவிடுங்கள். அங்கே எல்லோருமே மாமனிதர்தான். நேராக 1948, 1964 வருகிற பக்கங்களுக்குப் போங்கள். 1948-இல் அவர்களின் பிரஜாவுரிமை பறிபோனதும், 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்ததும் அந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, என்ன செய்தன? தலைமன்னாரில் கப்பலேறியது யார், தங்கியது யார்? காலையில் தொழிலாளரை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்கிறதா? சரி, தாராளமாக வாங்கலாம். வெறும் பதவிப் பட்டியல் என்றால் வேண்டாம். அப்புறம், காசு இடித்தால் ‘நூலகம்’ (noolaham.org) இணையத்தளத்தில் மலையகத் தொழிற்சங்கவாதிகளும் எழுத்தாளர்களுமான கோ. நடேசய்யர், சி. வி. வேலுப்பிள்ளை என்று தேடுங்கள். பழைய மலையக நூல்கள் அங்கே இலவசம்.